கம்பி எந்தப் பக்கம் ஓடணும்?

பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு. 'நெடுக்கு ஷியர் கம்பி'ன்னு சொன்னா, பாலத்தோட நீளவாக்குல ஓடுற கம்பின்னுதானே தோணும்? இல்லைங்க. நீளவாக்குல இருக்கிறது விசை. கம்பி அதுக்குக் குறுக்கே போகணும்.

ஒரு தடி நோட்டை வளைச்சுப் பாருங்க. பக்கங்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி, ஓரம் சாய்ஞ்சிடும். நாலு இடத்துல ஆணி இறக்கிட்டா வழுக்காது. தாளுக்கு நடுவுல கம்பியைச் சும்மா படுக்க வச்சா பிரயோஜனமில்லை, ஊடுருவிப் போகணும்.

பாக்ஸ் கர்டர்ங்கிறது உள்ளே வெற்றிடமா இருக்கிற கான்கிரீட் பெட்டி. மேலே வண்டி ஓடுற ஸ்லாப், கீழே அடி ஸ்லாப், ரெண்டையும் சேர்க்கும் சுவர்கள். ரெண்டு தூணுக்கு நடுவுல பாலம் தொய்யும்போது மேல் ஸ்லாப் அமுங்கும், அடி ஸ்லாப் இழுபடும். அந்த விசை சுவர் வழியாத்தான் ஸ்லாப்புக்குள்ள போய்ச் சேருது. அதனால ரெண்டும் சேருற ஓரத்துல ஒண்ணை விட்டு ஒண்ணு நழுவப் பார்க்கும். ஸ்லாப்ல இடவலமா, சுவரைத் தாண்டி ரெண்டு பக்கமும் போய் நல்லாப் பதிஞ்ச கம்பிதான் பிடிச்சு வைக்கும். அடி ஸ்லாப்புக்கும் இதே கதைதான்.

லாரிச் சக்கரத்தைத் தாங்கவும் அதே குறுக்குக் கம்பிதானே, ஒரே கம்பி ரெண்டு வேலை பார்க்குமான்னு கேட்கலாம். ஓரளவு பார்க்கும். யூரோகோட் 2 சொல்றது: ஷியருக்கு மட்டும் தேவையான கம்பி ஒரு கணக்கு. அதுல பாதியோட, குறுக்கு வளைவுக்குத் தேவையானதைக் கூட்டினா இன்னொரு கணக்கு. எது அதிகமோ அதை வைக்கணும்.

இன்னொரு இடம், ஜாயிண்ட். பல பாலங்கள்ல அடி ஸ்லாப்பும் சுவரும் முதல்ல, மேல் ஸ்லாப் அப்புறம் வார்ப்பாங்க. அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது சுவரோட ரிங் கம்பிகள். பழைய கான்கிரீட் முகம் சொரசொரப்பா இருக்கிறதும் முக்கியம். 'சொரசொரப்பு'ன்னு யூரோகோட் ஒத்துக்கணும்னா குறைஞ்சது 3 மில்லிமீட்டர் மேடுபள்ளம் வேணும்.

மயாமியில 2018 மார்ச் 15 அன்னைக்கு ஒரு நடைபாலம் விழுந்து 6 பேர் இறந்தாங்க. அது பாக்ஸ் கர்டர் இல்ல, கான்கிரீட் டிரஸ். ஆனா முறிஞ்சது இந்த மாதிரி ஒரு ஜாயிண்ட்ல: சாய்வுத் தண்டு, தளத்து மேல நீளவாக்குல நழுவிடுச்சு. நழுவுற விசையைக் குறைச்சும், ஜாயிண்டோட பலத்தைக் கூட்டியும் டிசைன்ல கணக்குப் போட்டிருந்தாங்கன்னு அமெரிக்காவோட என்டிஎஸ்பி விசாரணை சொல்லுச்சு. முகத்தைச் சொரசொரப்பாக்கவும் இல்ல. ஆக்கியிருந்தாலும் பத்தியிருக்காதாம்.

விரிசல் முன்னாடியே தெரிஞ்சது. அன்னைக்குக் காலையில அதைப் பத்தி மீட்டிங்கே நடந்தது. கீழே ரோட்டை மட்டும் முழுசா மூடலை.