'என்ன கொழம்பு?' என்று கேட்பது வெட்டிப் பேச்சா?

நான் பாபநாசத்தில் வசிக்கும் இல்லத்தரசி. காலையில் எங்கள் ஆற்றுப் படித்துறையில் போய் நின்றால் பெண்கள் பேசுவது மூன்றே விஷயம்தான். "இன்னைக்கு என்ன கொழம்பு?", "அணையில எத்தனை அடி தண்ணி?", "ரேஷன்ல பருப்பு போட்டாச்சா?" பாபநாசம் அணையின் உயரம் 143 அடி என்பது எங்கள் ஊர் ஆச்சிமாருக்குக்கூட மனப்பாடம்!

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நாலு புத்தகம் படித்தவள் என்ற கர்வம் வேறு. 'இத்தனை வருஷப் பழக்கம், மனசு விட்டு ஒரு வார்த்தை பேசக் கூடாதா?' என்று நினைப்பேன்.

பக்கத்து வீட்டு மதினியின் மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலை ஆடிக்கு வந்த பெண், ஆவணி முடிந்தும் திரும்பிப் போகவில்லை. ஒருநாள் படித்துறையில் வைத்து, "மக அங்க சந்தோஷமா இருக்காளா மதினி? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். சுற்றிலும் ஆறேழு பேர் துணி துவைத்துக் கொண்டிருந்தார்கள். எல்லோர் கையும் சட்டென்று நின்றது. மதினி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தண்ணி இன்னைக்கு ரொம்ப சில்லுன்னு இருக்கு, என்ன?" என்றபடி, அலசாத துணியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி விட்டார்கள்.

அதன்பின் பத்து நாள் ஆற்றுப் பக்கமே வரவில்லை. 'அக்கறையாகத்தானே கேட்டேன்' என்று எனக்கும் கோபம்.

ஒரு சாயங்காலம் உறைமோர் வாங்க அவர்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். மதினி தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "என்ன கொழம்பு மதினி?" என்றேன். "என்னத்த கொழம்பு... அவ நேத்துல இருந்து ஒரு வாய் சாப்பிடலியே" என்று உடைந்து விட்டார்கள். மாப்பிள்ளை கை நீட்டுகிறாராம். ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் சொன்னதுதான் என்னைக் குத்தியது: "நீ அன்னைக்குக் கேட்டது தப்பில்ல. ஆனா அத்தன பேர் முன்னால நான் என்னத்தச் சொல்ல? நல்லா இருக்கான்னா பொய். இல்லன்னு சொன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிரும்."

சகோதரிகளே, ஆழமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறவர்களை 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்று நினைத்து விடுகிறோம். உண்மையில் அவர்களுக்குப் பயம். யார் காதில் விழுமோ, சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா, அழுதுவிடுவோமோ என்ற பயம். கேட்கிறவருக்கும் பயம் உண்டு. அவள் அழுதால் நான் என்ன செய்வேன்?

கல்லூரியில் படிக்கும் என் மகள் இரண்டு விஷயம் சொன்னாள். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1923லேயே, உடல்நலம் விசாரிப்பது, மழை வெயில் பற்றிப் பேசுவது எல்லாம் செய்தி சொல்வதற்காக அல்ல, மனிதரோடு மனிதரைச் சேர்த்துக் கட்டுவதற்காக என்று எழுதியிருக்கிறாராம். 2021ல் கார்டஸ், அமித் குமார், எப்லி ஆகிய மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்பின் தெரியாதவர்களை மனசு விட்டுப் பேச வைத்துப் பார்த்தார்களாம். 'சங்கடமாக இருக்கும், எதிராளிக்கு நம் கதையில் அக்கறை இருக்காது' என்று பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லையாம். ஆக, கேட்பது தவறில்லை. இடம் பார்த்துக் கேட்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது இதுதான். நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். கை வேலையோடு வேலையாகப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். சொன்னால், கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அடி உதை என்று தெரிந்தால் மகளிர் உதவி எண் 181 இருக்கிறது. மனம் தளர்ந்தவர்களுக்கு 14416 இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மதினியின் மகள் இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். 181க்குப் பேசி, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டிருக்கிறார்கள். மதினியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்கள் மறுபடி படித்துறைக்கு வருகிறார்கள். "என்ன கொழம்பு?" என்று கேட்கிறார்கள். "சொதி மதினி, உங்க வீட்டுல?" என்கிறேன். இப்போதெல்லாம் அவர்கள் சொல்லும் பதிலைவிட, சொல்லும்போது முகம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாபநாசம்.