கட்டளை வரியில் இருமக் கோப்புகளைப் பார்த்தல்

கட்டளை வரியில் இருமக் கோப்புகளைப் பார்த்தல் என்பது, உரையாக வாசிக்க இயலாத ஒரு கோப்பின் பைட்டுகளை எண்களாக மாற்றி முனையத்தில் காட்டும் முறையாகும். படம், ஒலி, சுருக்கப்பட்ட கோப்பு, இயங்கு நிரல் முதலியன இருமக் கோப்புகள் ஆகும். லினக்ஸ், மாக்ஓஎஸ் போன்ற யுனிக்ஸ் வழி இயக்குதளங்களில் இதற்கெனப் பயன்படும் கட்டளைகளுள் 'ஓடி', 'ஹெக்ஸ்டம்ப்', 'எக்ஸ்எக்ஸ்டி' ஆகிய மூன்றும் முதன்மையானவை.

நேரடியாகக் காட்டினால்

உரைக் கோப்புகளைக் காட்டப் பயன்படும் 'கேட்' கட்டளையை இருமக் கோப்பின் மீது இயக்கினால், திரையில் பொருளற்ற குறிகள் நிறையும். சிக்கல் அத்துடன் முடிவதில்லை. முனையம் சில பைட்டுகளை எழுத்தாகக் கொள்ளாமல் ஆணையாகக் கொள்கிறது. 7 என்ற பைட்டு மணி ஒலிக்கச் செய்யும். 27 என்பது நிறம், இடம் முதலியவற்றை மாற்றும் ஆணைகளின் தொடக்கம். 14 என்பது பல முனையங்களில் எழுத்துக் கணத்தையே மாற்றிவிடும். அதன்பின் பயனர் தட்டும் எழுத்துகளும் விளங்காமல் போகலாம். அந்நிலையில், திரையில் என்ன தெரிந்தாலும் பொருட்படுத்தாது 'ரீசெட்' எனத் தட்டி உள்ளிடுவிசையை அழுத்தினால் முனையம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கோப்புக்கு எந்தக் கேடும் நேர்ந்திராது.

ஒரே ஆறு பைட்டுகள்

'ஓடி' இவற்றுள் மிகப் பழையது. 1971 இல் வெளிவந்த யுனிக்ஸ் முதற் பதிப்பின் கையேட்டிலேயே இது இடம்பெற்றிருந்தது. பெயர் 'ஆக்டல் டம்ப்' என்பதன் சுருக்கம். அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்களில் கொட்டிக் காட்டுவது. பின்னாளில் ஸ்டீபன் போர்ன் தமது கட்டளை மொழியை வடிவமைத்தபோது, 'இஃப்' என்பதை அதன் தலைகீழ் வடிவமான 'ஃபி'யால் முடித்தவர், 'டூ' என்பதை மட்டும் 'டன்' என்று முடித்தார். அதன் தலைகீழ் வடிவமான 'ஓடி' ஏற்கனவே ஒரு கட்டளையின் பெயராக இருந்ததே அதற்குக் காரணம்.

ஜிஃப் படக் கோப்பு ஒன்றின் முதல் ஆறு பைட்டுகள் பதினறும எண்களில் 47 49 46 38 39 61 என இருக்கலாம். இவை ஆஸ்கி குறிமுறையில் ஜி, ஐ, எஃப், 8, 9, ஏ என்னும் வரியுருக்கள். 1989 ஆம் ஆண்டின் ஜிஃப் வடிவத்தைக் குறிப்பவை. இதே ஆறு பைட்டுகளை, தெரிவு எதுவும் கொடுக்காமல் இயக்கும்போது, இன்றைய பெரும்பாலான கணினிகளில் மூன்று கட்டளைகளும் பின்வருமாறு காட்டும்.

ஓடி: 044507 034106 060471
ஹெக்ஸ்டம்ப்: 4947 3846 6139
எக்ஸ்எக்ஸ்டி: 4749 4638 3961

முதல் இரண்டும் இரண்டிரண்டு பைட்டுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் கொள்கின்றன. கணினியில் சிறு மதிப்புடைய பைட்டு முதலில் வைக்கப்படுவதால், எண்ணாக எழுதும்போது ஒவ்வொரு இணையும் இடம் மாறித் தோன்றுகிறது. 'எக்ஸ்எக்ஸ்டி' இரண்டிரண்டாக நெருக்கி எழுதினாலும் கோப்பிலுள்ள வரிசையை மாற்றுவதில்லை. கோப்பு பழுதுபட்டுவிட்டதெனப் புதியவர்கள் எண்ணிக் குழம்புவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். 'ஹெக்ஸ்டம்ப்' கட்டளையுடன் '-சி' தெரிவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்தால் பைட்டுகள் வரிசை மாறாது தனித்தனியே தோன்றும். வலப்புறம் அவற்றின் ஆஸ்கி வடிவமும் வரும். இதையே வழக்கமாகக் கொள்வது நல்லது.

இடப்புறம் தோன்றும் எண் கோப்பில் அவ்வரியின் இருப்பிடத்தைக் குறிக்கும். 16 பைட்டுகளுக்குப் பின் 'ஓடி' 0000020 என்றும் 'ஹெக்ஸ்டம்ப்' 0000010 என்றும் காட்டும். எண்முறை வேறு, இடம் ஒன்றே. மேலும், ஒரே மாதிரியான வரிகள் தொடர்ந்தால் இவ்விரண்டும் அவற்றை ஒரு நட்சத்திரக் குறியால் சுருக்கிவிடும். அந்த ஒரு குறிக்குள் பல மெகாபைட்டு சுழியங்கள் மறைந்திருக்கலாம். '-வி' தெரிவு அனைத்தையும் காட்டும்.

கோப்பின் உண்மையான வகை

கோப்புப் பெயரின் பின்னொட்டு ஒரு பெயர் மட்டுமே. அதை எவரும் மாற்றலாம். முதல் சில பைட்டுகள் கூடுதலாக நம்பத்தக்கவை. பிடிஎஃப் கோப்பு 25 50 44 46 எனத் தொடங்கும். தரவிறக்கிய பிடிஎஃப் திறக்க மறுத்தால் முதல் 16 பைட்டுகளைப் பார்த்தல் பயன் தரும். அங்கு 25 க்குப் பதிலாக, சிறியது என்னும் கணிதக் குறியும் அதைத் தொடர்ந்து எச்டிஎம்எல் சொற்களும் இருந்தால், கிடைத்திருப்பது வழங்கி அனுப்பிய பிழைப் பக்கம். அதைப் பழுதுபார்க்க முயல்வதில் பயனில்லை. 'ஃபைல்' என்னும் கட்டளை இத்தகைய தொடக்கக் குறிகளைத் தானே ஒப்பிட்டு வகையைச் சொல்லும்.

தமிழ் உரை

உரைக் கோப்புகளிலும் இம்முறை உதவும். யுடிஎஃப்-8 முனையம் ஒன்றில் 'எக்கோ' கட்டளையால் 'தமிழ்' என்னும் சொல்லை 'ஓடி'க்கு அனுப்பி, பைட்டுகளைத் தனித்தனியே பதின்ம எண்களில் கேட்டால் கிடைப்பது:

224 174 164 224 174 174 224 174 191 224 174 180 224 175 141 10

த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியில் ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். இறுதியிலுள்ள 10 வரிமுடிவு. மூன்றெழுத்துச் சொல் 16 பைட்டுகளைக் கொண்டு ஒரு வரியைச் சரியாக நிரப்பிவிடுகிறது. மூன்று பைட்டுக்கு ஒருமுறை 224 வந்தால் அது யுடிஎஃப்-8 தமிழாக இருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வாறின்றி 128 க்கு மேற்பட்ட எண்கள் ஒற்றை ஒற்றையாகக் கலந்து வந்தால், திஸ்கி போன்ற பழைய எட்டு பிட்டுக் குறிமுறையாக இருக்கலாம். எழுத்துரு மாற்றியை இயக்குமுன் இதை அறிந்துகொள்ளாவிடில், தவறாக மாற்றிச் சேமித்த உரையை மீட்பது கடினம். கோப்பிலுள்ள சொற்களை மட்டும் பிரித்தெடுக்கும் 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளை இங்கு உதவாது. இயல்பு நிலையில் அது ஆஸ்கி எழுத்துகளையே தேடுகிறது.

திருத்துதல்

'எக்ஸ்எக்ஸ்டி' விம் உரைத்தொகுப்பியுடன் வழங்கப்படுவது. தான் காட்டிய எண்களை '-ஆர்' தெரிவின் மூலம் மீண்டும் இருமக் கோப்பாக மாற்றவும் அதனால் இயலும். நடுவிலுள்ள எண்களைத் திருத்தினால் மட்டுமே கோப்பு மாறும். வலப்புற எழுத்துகளில் செய்யும் திருத்தம் புறக்கணிக்கப்படும். விம் தொகுப்பியில் இருமக் கோப்பை நேரடியாகத் திறப்போர் '-பி' தெரிவுடன் திறத்தல் வேண்டும். இல்லையெனில் சேமிக்கும்போது கோப்பின் இறுதியில் 10 என்னும் பைட்டு கூடுதலாகச் சேர்ந்துவிடக்கூடும்.