கொக்கி உறுதியாக இருந்தால்தான் மாலை நிலைக்கும்

ஈராண்டுகளுக்கு முன்பு, மாசாயில் ஒரு கல்யாண மண்டபம். ஆரத்தித் தட்டோடு மணமேடையை நோக்கி நடந்துகொண்டிருந்த தோழிப் பெண் ஒருத்தியின் கழுத்து மாலை திடீரென்று அறுந்தது. பளபளப்பான தரையில் மணிகள் நாலாபுறமும் உருண்டோடின. நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து சிறுவர்கள் பொறுக்கினார்கள். சிலர் சிரித்தார்கள். அந்த மாலையைக் கோத்தவள் நான்.

அப்போது நான் ஆறாம் படிவ மாணவி. பக்கத்து வீட்டு அக்காவின் கல்யாணத்துக்காகத் தோழிப் பெண்கள் ஐவருக்கும் ஒரே மாதிரி மாலை கோத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். மாலை ஒன்றுக்கு 35 ரிங்கிட். என் கையால் நான் சம்பாதித்த முதல் பணம் அது.

மறுநாள் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் திட்டவில்லை. அறுந்த ஒரு மாலைக்கான பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மற்ற நான்கு மாலைகளையும் என் கையில் வைத்து, "இதையெல்லாம் பிரிச்சு ஒழுங்கா கோத்துக் குடும்மா. எங்க தப்பு நடந்துச்சுன்னு மொதல்ல பாரு" என்றார்.

பார்த்தேன். மணிகளில் குறையில்லை. கம்பியும் அறவில்லை. கொக்கியோடு கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும் சின்னஞ்சிறு உலோக மணி பிளந்திருந்தது. கிரிம்ப் என்று அதற்குப் பெயர். அதை நசுக்குவதற்கு அப்பாவின் கார் பெட்டியிலிருந்த பல் வைத்த குறட்டைப் பயன்படுத்தியிருந்தேன். இரும்பைப் பிடிக்கும் குறட்டின் பல், அந்த மெல்லிய உலோகத்தைக் கடித்துப் பிளந்துவிட்டது. அழகான மணிகளுக்கு அவ்வளவு செலவு செய்த நான், அவற்றைத் தாங்கும் இடத்துக்கு எதுவுமே செலவு செய்யவில்லை.

மணிமாலை, காதணி, கைவளையம் கோக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மூன்று குறடுகள் போதும்

கடைக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு கருவிகள் அடங்கிய பெட்டியைக் காட்டுவார்கள். தொடக்கத்தில் அது தேவையில்லை. மூன்று குறடுகள் இருந்தால் பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம்.

முதலாவது, வட்டமூக்குக் குறடு. இதன் இரண்டு தாடைகளும் உருண்டு, நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். கம்பியை வளைத்து வளையம் செய்ய இதுதான் வேண்டும். நுனியில் வளைத்தால் சின்ன வளையம், அடியில் வளைத்தால் பெரிய வளையம். எல்லா வளையங்களும் ஒரே அளவில் அமைய, தாடையில் ஓரிடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூர்மூக்குக் குறடு. தாடையின் உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பல் இருந்தால் வேண்டாம்.

மூன்றாவது, வெட்டுக் குறடு. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குழிவாகவும் வெட்டும். தட்டைப் பக்கம் நகையை நோக்கி இருந்தால் வெட்டிய முனை கழுத்தைக் குத்தாது. வெட்டும்போது துண்டு தெறிக்கும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. சுருள் வளையல்களுக்கான விறைப்பான எஃகுக் கம்பியை இதனால் வெட்டினால் முனை மழுங்கிவிடும். அதற்குத் தனி வெட்டுக் குறடு வேண்டும்.

மாலை கோக்கத் தொடங்கியதும் நான்காவதாகக் கிரிம்ப் குறடு வாங்குங்கள். அதன் தாடையில் இரண்டு குழிகள் இருக்கும். உட்குழியில் வைத்து அழுத்தினால் கிரிம்ப் பிறை போல் மடிந்து, இரண்டு கம்பிகளும் இரண்டு பள்ளங்களில் தனித்தனியே அமரும். பிறகு அதைத் திருப்பி வெளிக்குழியில் வைத்து அழுத்தினால் உருண்டையாக மூடிக்கொள்ளும். மண்டபத்தில் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கருவி இதுதான்.

ஜம்ப் ரிங் எனப்படும் சின்ன வளையத்தைத் திறப்பதிலும் ஒரு முறை உண்டு. இரண்டு முனைகளையும் இடமும் வலமுமாக இழுத்தால் வட்டம் கெட்டுவிடும், மீண்டும் சரியாக மூடாது. ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் தள்ளித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். மூடிய இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக்கூடாது.

விலை உயர்ந்த மணிப்பலகையும் உடனே வேண்டியதில்லை. தாம்பாளத்தில் பழைய துவாலையை விரித்துக் கோக்கிறேன். மணி உருளாது.

நூலா, கம்பியா, ரப்பரா?

என் பாட்டி கோத்தா திங்கி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவரிடம் ஒரு கருகமணி மாலை உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்பு, அறுந்திருக்கிறதோ இல்லையோ, பழைய நூலை எடுத்துவிட்டுப் புது நூலில் கோத்துவிடுவார். காரணம் கேட்டேன். "நூலுக்கு ஆயுசு உண்டு. மணிக்கு ஏது?" என்றார்.

நம் ஊரின் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் பருத்தி நூலும் பட்டு நூலும் சீக்கிரம் இற்றுவிடும். சின்னப் பாசிமணிகளை ஊசியால் பின்ன நைலான் நூல் நல்லது. எடையுள்ள கண்ணாடி மணிக்கும் கல்மணிக்கும் நைலான் பூசிய எஃகுக் கம்பி பொருத்தம். அதற்குள் 7, 19 அல்லது 49 மெல்லிய இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். இழை கூடக் கூடக் கம்பி மென்மையாக வளையும், விலையும் ஏறும். முதல் மாலைக்கு 19 இழைக் கம்பி போதும்.

நண்பர்களுக்குக் கைவளையம் செய்ய ரப்பர் நூல் எளிது. கோப்பதற்கு முன்பே அதைச் சிலமுறை இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். முடிச்சில் சூப்பர் குளு ஊற்றாதீர்கள். அது நூலை விறைக்கவைத்து முறியச் செய்யும்.

மலிவான மணிகளின் துளை ஓரம் சில சமயம் கூராக இருக்கும். அது நாள்தோறும் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். துளை அரத்தை நீரில் நனைத்து, துளைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால் ஓரம் மழுங்கும்.

ஜொகூர் ஆற்றங்கரையின் மணிகள்

பாட்டி சொன்னதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1930களில் ஜொகூரில் அரசாங்கப் பணியில் இருந்த ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், ஜொகூர் ஆற்றங்கரையில் பழங்கால மணிகளைச் சேகரித்தார். அவற்றைப் பற்றி 1937இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். மலாயாவுக்கும் ரோமப் பேரரசுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்ததற்கு இம்மணிகள் சான்று என்பது அவர் கருத்து. அதை இன்று எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. ஆனால், இந்த ஆறு நெடுங்காலம் வணிகர்கள் வந்துபோன வழி என்பதில் ஐயமில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜொகூர் சுல்தானகத்தின் தலைநகராக விளங்கி, 1587இல் போர்த்துகீசியரால் அழிக்கப்பட்ட ஜொகூர் லாமா இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது.

தென்கிழக்காசியா முழுவதும் மண்ணில் கிடைக்கும் சின்னஞ்சிறு ஒற்றை நிறக் கண்ணாடி மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர். அவற்றைச் செய்த பழைய இடங்களில் ஒன்று, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். பின்னாளில் நம் நாட்டிலும், பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும், இவ்வகை மணிகள் செய்யப்பட்டன.

செய்முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயில் திரட்டி, நடுவில் துளை நிற்குமாறு மெல்லிய குழலாக இழுப்பார்கள். குழல் ஆறியதும் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவார்கள். கூரான ஓரங்கள் உருகி வழவழப்பாகும். திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை நிலைத்திருக்கிறது. துளையின் ஓரம் நூலை அறுக்கக்கூடாது என்பது அந்தக் கைவினைஞர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

மணிகள் மண்ணுக்குள் நூற்றாண்டுகளாகக் கிடந்தும் நிறம் மங்காமல் கிடைக்கின்றன. அவற்றைக் கோத்திருந்த நூல் மட்டும் இல்லை.

பெயர் பொறித்த கருவி

தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்று ஓர் இடம் உண்டு. சயாமிய மொழியில் அதற்கு 'மணிக் குன்று' என்று பொருள். அங்கே ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. தங்கத்தை உரசித் தரம் பார்க்கும் அந்தச் சின்னக் கல்லில், கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்-பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பெரும்பதன் என்பவருடைய கல் என்பது அதன் பொருள். கடல் கடந்து வந்த ஒரு கைவினைஞர் தம் கருவியில் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்த நாளில் நானும் என் மூன்று குறடுகளின் பிடியிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.

தோலைக் கவனியுங்கள்

உரைகல்லின் வேலை, உலோகம் எதுவென்று அறிவது. நமக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. நான் செய்த காதணியைப் போட்ட என் சின்னம்மா மகளுக்கு இரண்டே நாளில் காது சிவந்து நீர் வடிந்தது. மலிவான கொக்கிகளில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே உண்டு. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது. காது, மூக்குத் துளைக்குள் செருகும் பகுதிக்கு 0.2 மைக்ரோகிராம்தான் வரம்பு.

ஆகவே, காதுக்குள் போகும் கம்பியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். டைட்டேனியம் பாதுகாப்பானது. எந்த உலோகம் என்பதைச் சிறு அட்டையில் எழுதி நகையோடு கொடுங்கள். தெரியாத உலோகத்தை 'வெள்ளி' என்று சொல்லி விற்காதீர்கள்.

அளவு தெரிந்தால் பணம் மிஞ்சும்

பாசிமணியில் எண் கூடினால் மணி சிறுக்கும். 11ஆம் எண் மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8ஆம் எண் 3 மில்லிமீட்டர், 6ஆம் எண் 4 மில்லிமீட்டர். கம்பியின் கேஜ் எண்ணும் அப்படித்தான். 20 கேஜ் 0.8 மில்லிமீட்டர் தடிப்பு, 24 கேஜ் 0.5 மில்லிமீட்டர். காதணிக் கொக்கிக்கு 20 கேஜ் ஏற்றது.

எத்தனை மணி வாங்குவது? 45 சென்டிமீட்டர் மாலை என்றால் 450 மில்லிமீட்டர். கொக்கிக்கும் வளையங்களுக்கும் 30 கழித்தால் மீதம் 420. 6 மில்லிமீட்டர் மணியானால் 70 வேண்டும். கம்பியை மாலையைவிட 15 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். கிரிம்ப் வழியாக வரும் வால்முனையை 2 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பக்கத்து மணிகளுக்குள் நுழைத்துவிடுங்கள். மணிகள் அசைய இடமில்லாதபடி இறுக்கிக் கோத்தால் கம்பி முறியும். ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கடைசியில் இரு முனைகளையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுவதானால் உங்கள் கையில் அறுந்துவிட்டுப் போகட்டும்.

தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

18 வயது நிறைந்தவர்கள் மலேசிய நிறுவன ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதிந்துகொள்ளலாம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். முறையாகப் படிக்க விரும்பினால் ரவாங்கில் உள்ள தேசிய கைவினைக் கழகத்தில் உலோகக் கைவினைப் பயிற்சி உண்டு. விலை வைக்கும்போது மணி, கம்பி, கொக்கியின் செலவோடு உங்கள் உழைப்பு நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நான் முதலில் அதை மறந்தேன்.

அந்த நான்கு மாலைகளையும் பிரித்துப் புதுக் கம்பியில் கோத்துக் கொடுக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. தரையில் பொறுக்கிய மணிகளில் ஐந்தாவது மாலையையும் கோத்தேன். ஆறு மணிகள் குறைந்தன. புதியவை வாங்கிச் சேர்த்தேன். அதற்குப் பணம் வேண்டாம் என்றேன். அக்கா கேட்கவில்லை; 35 ரிங்கிட்டை என் கையில் திணித்தார். போன தீபாவளிக்கு அந்த மாலையை அவரே போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மகன் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். என் கண் அந்தக் கொக்கியைவிட்டு அகலவில்லை. மாலை அறவில்லை.