டாங்கிள் போய் லாகின் வந்தது

சென்னை சைதாப்பேட்டை கோர்ட்டைச் சுற்றி டிடிபி கடைகள் பெருகிய தொண்ணூறுகளில், மென்பொருள் உரிமம் என்பது கையில் பிடிக்கிற பொருள். கம்ப்யூட்டரின் முதுகில், பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு டாங்கிள் இருக்கும். ஸ்ரீலிபி போன்ற இந்திய மொழி மென்பொருள்கள் அந்தப் பூட்டோடுதான் வந்தன. அது கழன்றால் தமிழ் நின்றுவிடும். வைத்தியமும் சுருக்கம்: கழற்று, ஊது, அழுத்திச் செருகு. தொலைந்தால்தான் வம்பு.

பேஜ்மேக்கர், கோரல்டிராவுக்கு இந்தப் பூட்டெல்லாம் கிடையாது. சீரியல் நம்பர் போதும். ரிச்சி தெருவில் வாங்கிய சிடியின் மேல் அந்த எண் பேனாவால் எழுதியே கிடைத்தது. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று, 1994-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சொல்கிறது. கோர்ட் வாசலில் மனு அடித்துக்கொடுத்தவர்களுக்கு அது தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

2003-இல் வந்த போட்டோஷாப் சிஎஸ், விண்டோஸில் ஆக்டிவேஷன் கேட்கத் தொடங்கியது. உரிமம் குறிப்பிட்ட கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டது. வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டுமென்றால், பழையதில் முதலில் விலக்கிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அடையாற்றை நினைத்துப் பார்க்கவில்லை. 2015 டிசம்பரில் ஆறு சைதாப்பேட்டைக்குள் புகுந்தது. மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தே நின்றது. சேற்றில் ஊறிய சிபியு-வில் எதை விலக்குவது? நிறுவனத்து சர்வரின் கணக்கில் அது இன்னும் உயிரோடு இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர்தான் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கணக்கைத் தீர்க்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பூட்டை உடைக்கும் கிராக் போட்டவருக்கு அந்தக் கவலையே இல்லை. இந்த அநியாயம்தான் பலரைத் திருட்டுப் பக்கமே தங்க வைத்தது என்பது என் எண்ணம்.

இன்று பெரும்பாலும் வாடகைதான். அடோபி 2013-இல் சந்தாவுக்கு மாறியது. ஆட்டோடெஸ்க் 2016-இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. சந்தா ஆட்டோகேட் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டியே ஆக வேண்டும். பணம் கட்டியும் ‘லைசென்ஸ் சரியில்லை’ என்று திரையில் வந்தால் உடனே பார்மட் அடிக்கச் சொல்கிறார்கள். அவசரம் வேண்டாம். முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் வட்ட பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும், சர்வர் நம்பாது. அடுத்தது ஹோஸ்ட்ஸ் கோப்பு. எப்போதோ கிராக் போட்டவர், நிறுவனத்து சர்வரை எட்டவிடாமல் அதில் சில வரிகளைச் சேர்த்திருப்பார். இன்று நேர்மையாக வாங்கிய உரிமத்தையும் அந்த வரிகளே மறிக்கும். அவற்றை மட்டும் நீக்கினால் போதும். அதற்கும் மசியாத ஆட்டோகேடுக்கு, விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் ஆட்டோடெஸ்க் டெஸ்க்டாப் லைசென்சிங் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இலவசமாகவே கிடைக்கின்றன.

சந்தா கட்டும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லாகினைக் கடையின் மின்னஞ்சலில் வையுங்கள். டாங்கிள் கடையிலேயே கிடந்தது. ஆபரேட்டரின் ஜிமெயிலில் எடுத்த உரிமம், அவர் வேலையை விட்டுப் போகிற அன்று கூடவே போய்விடும்.