கடைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வேன்

காலையில் சரக்கு, மாலையில் குடும்பம் என்று இரண்டையும் சுமக்கும் வண்டிதான் வேண்டும் என்பது மளிகைக்காரர்களாகிய நம்மவர் கணக்கு. அப்படிப்பட்ட வண்டிகளை வைத்து நாமும் பல ஆண்டு வியாபாரம் செய்தவர்கள்தான். பழைய ஆம்னி, சுமோ, குவாலிஸ் விலைக்கு வந்தால் வாங்கலாமா என்று உறுப்பினர்கள் இன்றும் கேட்பதால் இதை எழுதுகிறோம்.

நம் ஓட்டு மாட்டடாருக்கே. பஜாஜ் டெம்போவின் அந்த வேனில் என்ஜின் முன்சக்கரங்களை இழுக்கும். பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகாததால் தளம் தாழ்வாக இருக்கும். மூட்டை ஏற்றுகிறவர் முதுகுக்கு அது பெரிய உபகாரம். குலதெய்வம் கோயிலுக்கு மொத்தக் குடும்பமும் அதில்தான் போகும், வெங்காய வாசனையோடு!

1984-ல் மாருதி வேன் வந்தது. ஆம்னி என்பது பின்னால் வைத்த பெயர். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு என்பதால் நெருக்கடியான பஜார் தெருவிலும் சரக்கு இறக்கலாம். ஆனால் 796 சிசி என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்னால் மூக்கு இல்லை. மோதினால் முதலில் அடிபடுவது ஓட்டுபவரின் முழங்கால். 2019-ல் அதன் உற்பத்தி நின்றது. 1994-ல் வந்த டாடா சுமோவுக்கும் அதே ஆண்டுதான் முடிவு. குவாலிஸ் 2000 முதல் 2005 வரை மட்டுமே விற்பனையில் இருந்தது.

இனி முக்கியமான விஷயம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை நம்பர் பிளேட் வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சாம்பிளும் சொந்தச் சாமானும் தவிர வேறு சரக்கு ஏற்றும் உபயோகத்துக்குப் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். பத்து மூட்டைச் சர்க்கரையோடு விபத்து நேர்ந்தால், கிளெய்மை மறுக்க அந்த ஒரு வரி போதும். நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் வண்டிக்கான நஷ்டஈடு கிடைக்காமல் அலைந்ததைக் கண்ணால் பார்த்தோம். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் மட்டும் அது சரக்கு வண்டி ஆகிவிடாது. ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் வகை மாற வேண்டும், பாலிசியும் மாற வேண்டும்.

இன்னொன்று, பத்து மூட்டை என்றால் 500 கிலோ. அதைப் பின்னால் அடுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் பிடி தளரும். பிரேக் போட்டால் எண்ணெய் டின்கள் ஓட்டுபவர் முதுகுக்கு வந்து நிற்கும். தினமும் சரக்கு எடுப்பவர்கள் சரக்கு வண்டியாகவே பதிவான சிறிய வண்டி வாங்குவதே நல்லது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. மட்டும் தவறாமல் எடுக்க வேண்டும்.

குடும்பத்துக்கு மட்டும்தான் பழைய வேன் என்றால், ஆர்.சி. 15 ஆண்டுக்குப் பின் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். அது ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் செல்லும். 2022-ல் கட்டணமும் பல மடங்கு கூடியது. பிறகு மேட்டைத் தூக்கித் தளத்தைத் தட்டிப் பாருங்கள். உப்பும் வெல்லமும் ஏற்றிய வண்டி என்றால் பெயின்ட் பளபளத்தாலும் அடித்தகடு துருவேறி உதிரும்.