சங்கீர்த்தனத் தொட்டியும் கைப்பேசித் திரையும்

திண்டிவனத்தை அடுத்த ஒரு பங்கில் நான் பணியாற்றியபோது நிகழ்ந்ததை, அக்குடும்பத்தாரின் இசைவோடு இங்கே எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டா. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, கோயில் முற்றத்தில் நின்று பேசியதே.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தபோது, கைக்குழந்தையோடு ஓர் இளந்தாய் காத்திருந்தாள். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்து வந்தார். "சாமி, பிள்ளை பிறந்து மூன்று மாதமாகிறது. இரவில் கண்மூட முடியவில்லை. குழந்தையைத் தூக்கினாலும் நெஞ்சில் பாசம் சுரக்கவில்லை. நான் பாவியா, சாமி?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் நினைக்காதே, மகளே. ஒன்பது நாள் மாதாவுக்கு நவநாள் செய். எல்லாம் சரியாகும்" என்று சொல்லி, ஆசீர் அளித்து அனுப்பினேன். வீடு மந்திரிக்க அழைத்துப்போக வேறொரு குடும்பத்தார் காத்திருந்தனர்.

அவள் நவநாளைப் பக்தியோடு செய்தாள். அது முடிந்த சில நாட்களில், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தோடு நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறினாள். அண்டை வீட்டார் கண்டு அழைத்து வந்தனர். செய்தி கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குறை நவநாளில் இல்லை. அவள் கூறியதைக் கேளாமல் கேட்ட என் செவியில் இருந்தது. "எத்தனை நாளாக உறக்கமில்லை? சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திரையில் நடந்தது என்ன?

செவிலியர் பணியில் நெடுங்காலம் இருந்த அருட்சகோதரி ஒருவர்தாம் வழிகாட்டினார். "இது பாவமுமன்று, பேயுமன்று, பிள்ளைப்பேற்றுக்குப்பின் சில தாய்மாருக்கு வரும் மனச்சோர்வு நோய். குணமாகக்கூடியது" என்றார். முதலில் விழுப்புரம் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மனநல மருத்துவர் மருந்து தந்தார். வாரந்தோறும் தகுதி பெற்ற ஒருவரிடம் அமர்ந்து பேசுவதும் சிகிச்சையின் பகுதியே என்றும் கூறினார்.

கைக்குழந்தையோடு வாரந்தோறும் பேருந்தில் அலைவது எப்படி? சென்னையிலிருந்த ஒரு மருத்துவ உளவியலாளர், கைப்பேசித் திரையின் வழியே தமிழில் பேச இசைந்தார். ஆனால் வீடோ இரண்டே அறைகள் கொண்டது. "முகம் தெரியாத ஆளிடம் குடும்பக் கதையைச் சொல்வதா?" என்று மாமியார் மனம் வெதும்பினார். முடிவில் மரியாயின் சேனைக் கூட்ட அறையைத் திறந்துவிட்டேன். வியாழன் பிற்பகல்தோறும் அவள் உள்ளே பேசுவாள். மாமியார் குழந்தையோடு வேப்பமர நிழலில் அமர்ந்திருப்பார்.

முதல் நாளே அந்த உளவியலாளர் கேட்டவை அவளை வியப்பில் ஆழ்த்தின. "இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? அருகில் யார் இருக்கிறார்கள்? இணைப்பு அறுந்தால் யாரை அழைக்கலாம்? வேறெவரும் கேட்காத இடந்தானா?" தொலைவிலிருப்பவர் ஓடிவர இயலாதன்றோ? ஆதலின், ஆபத்து நேரின் உதவியை அனுப்பும் வழியை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டார். பின்னர் உறக்கத்தையும், உணவையும், 'நான் கெட்ட தாய்' என்று ஓயாமல் உள்ளே ஒலித்த எண்ணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவளோடு சேர்ந்தே ஆராய்ந்தார். மழை நாட்களில் இணைப்பு அறுந்ததுண்டு. அழுத நாட்களும் உண்டு. இரண்டு மாதம் சென்றபின் ஒருநாள், "குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, சாமி, எனக்கும் சிரிப்பு வந்தது" என்றாள். மருந்தும் பேச்சும் பின்னரும் தொடர்ந்தன.

யாரை நம்புவது?

தொலைவிலிருந்து மனநோய்க்குச் சிகிச்சை அளிப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னையில் 1984ஆம் ஆண்டு மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ப் அமைப்பு, 2010ஆம் ஆண்டிலிருந்து புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, சென்னையிலிருந்த மருத்துவர்கள் காணொளி வழியே நோயாளரைக் காண வழிசெய்தது. 25-3-2020 அன்று மத்திய அரசு தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

எனினும் திரையில் தோன்றுவோரெல்லாம் தகுதியுடையோர் அல்லர். மனநல மருத்துவர் மருத்துவக் கல்வி பெற்றவர். மருந்து எழுதித்தர அவருக்கே உரிமை. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கழகம். பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பன்று. நல்லவர் தாமே முன்வந்து காட்டுவார். 'ஆலோசகர்' என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. என்ன படித்தார், எங்கே பயின்றார், கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். மூன்றே நாளில் குணமாக்குவேன் என்பவரையும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள்.

உரிமம் வெறும் காகிதமன்று என்பதை நம் மாவட்டம் கண்ணீரோடு கற்றது. 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய உரிமமின்றி நடந்த இல்லமொன்றிலிருந்து, மனநலம் குன்றியோர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர்.

குருவானவர் போதாதா?

"பாவசங்கீர்த்தனம் இருக்க ஆலோசகர் எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். சங்கீர்த்தனத்தில் இறைவன் பாவத்தை மன்னிக்கிறார். நோயோ பாவமன்று, அதற்கு வேண்டியது மன்னிப்பன்று, மருத்துவம். மருத்துவரை மதிக்குமாறு சீராக்கின் நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மேய்ப்புப் பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்துமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில் கேட்டுக்கொண்டது.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. சங்கீர்த்தன முத்திரையைக் குருவானவர் எக்காரணத்தாலும் உடைக்க இயலாது. ஆலோசகரும் மறைபொருள் காக்கக் கடமைப்பட்டவரே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அவ்வுரிமையை அளிக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று கண்டால், காப்பாற்றுவதற்கு வேண்டிய அளவு பிறருக்கு அவர் அறிவிக்கலாம். இதை அறிந்து செல்வது நன்று.

மனநோய் குடும்பத்திற்கு இழுக்கு என்று எண்ணுவோர் குழந்தை இயேசுவின் தெரேசாவின் தந்தையை நினைவில் கொள்வார்களாக. லூயி மார்ட்டின் 1889 முதல் 1892 வரை பிரான்சின் கான் நகர மனநோய் மருத்துவமனையில் இருந்தார். ஊரார் பழிபேசினர், மகள்கள் கன்னியர் மடம் புகுந்ததே காரணம் என்றுகூடச் சொன்னார்கள். அவரைத்தான் 18-10-2015 அன்று திருச்சபை, துணைவியார் செலியோடு புனிதர் நிலைக்கு உயர்த்தியது.

பெற்றோருக்கும் மாமியாருக்கும் ஒரு சொல்

உங்கள் வீட்டில் ஒருவர் இரு வாரத்திற்குமேல் உறக்கமிழந்து, உணவு வெறுத்து, எதிலும் பற்றின்றி இருந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். 10-10-2022 அன்று தொடங்கப்பட்ட 'டெலி-மானஸ்' என்னும் இந்த அரசுச் சேவை இரவும் பகலும் இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார். தேவையாயின் மனநல வல்லுநரிடம் இணைப்பார். சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். திரையை நம்பி நில்லாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

திரைவழி ஆலோசனை பெறுவோருக்கு வீட்டில் ஒரு மணி நேரத் தனிமை கொடுங்கள். கதவருகே நின்று கேட்காதீர்கள், வெளியே வந்ததும், "என்னடி சொன்னாய்?" என்று துருவாதீர்கள். வீட்டில் இடமில்லையேல் பங்குத்தந்தையைக் கேளுங்கள். கோயில் வளாகத்தில் ஓர் அறை கிடைக்காமற் போகாது.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ்ப் படுத்து, 'போதும் ஆண்டவரே' என்று சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நெடிய மறையுரையும் ஆற்றவில்லை. வானதூதர் தட்டியெழுப்பி அப்பமும் நீரும் கொடுத்தார். உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். மலைமேல் இறைவன் பேசியது அதன் பின்னரே.

இப்போது கோயில் முற்றத்தில் எவரேனும் உறக்கமில்லை என்று சொன்னால், நான் வீடு மந்திரிக்க ஓடுவதில்லை. அமர்ந்து கேட்கிறேன். அவரோடு சேர்ந்து செபிக்கிறேன். பிறகு அந்த எண்ணையும் எழுதிக் கொடுக்கிறேன்.