பிக்கப்புக்குப் படி பொருத்துதல்: ஏறச் சிரமப்படுபவரின் காலே அளவு

2006ஆம் ஆண்டு சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகளில் ஒரு பகுதி 2015, 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டது. 2009இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் மூதூர் வீதியின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டதால், படகுப்பாதைக்குக் காத்திராமல் திருகோணமலைக்கு வாகனத்திலேயே வந்துபோக முடிகிறது. இதனால் பல ஊர்களில் பிக்கப் வண்டி சில குடும்பங்களுக்குப் பொதுவான உழைப்பாளியாகிவிட்டது. விதைநெல் ஏற்றுவதும் அதில்தான், கர்ப்பிணித் தாயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் அதில்தான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இலேதான் மீண்டும் திறந்தது. ஆகவே நம்மிடையே ஓடுபவற்றில் பெரும்பாலானவை பழைய வண்டிகள். சிலவற்றில் பக்கப்படியே இல்லை. சிலவற்றில் கறள் தின்றுவிட்டது. புதிதாகப் படி பொருத்த நினைக்கும் குடும்பங்களும் சங்கங்களும் பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

யாருக்காகப் படி?

சாரதி இளைஞராயிருப்பார். அவருக்குப் படி தேவையில்லை. தேவைப்படுபவர் முழங்கால் வலியுள்ள அம்மம்மா, வயிற்றில் பிள்ளையுடன் இருப்பவர், யுத்தத்தில் காலை இழந்து செயற்கைக்கால் அணிந்தவர், சேலை உடுத்தவர் ஆகியோரே. படியைத் தெரிவுசெய்யும் நாளில் இவர்களில் ஒருவரை வண்டியடிக்கு அழைத்து வந்து ஏறிப்பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குப் பொருந்தினால் எல்லோருக்கும் பொருந்தும்.

உயரம்

நிலத்திலிருந்து வண்டியின் உட்தரை வரை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக அது 60 சென்ரிமீற்றர் என்றால், 30 முதல் 35 சென்ரிமீற்றர் உயரத்தில் படி இருந்தால் ஏற்றம் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்துவிடும். 45இல் வைத்தால் முதல் அடி வைப்பதே சிரமம். படி இருந்தும் பயனில்லை.

மறுபக்கம், படி மிகவும் தாழ்ந்தால் வரம்பிலும் வண்டிச்சுவட்டிலும் இடிபடும். பாரம் ஏற்றியதும் வில்லுத்தகடுகள் அமுங்கி வண்டி தாழும். எனவே வழக்கமாக ஏற்றும் மூட்டைகளை ஏற்றிவைத்து, வயலுக்குப் போகும் பாதையில் நிறுத்தி இன்னொருமுறை அளவுங்கள்.

மூன்று வகைகள்

முதலாவது, கதவுகளின் கீழே முழு நீளத்துக்கும் ஓடும் பலகைப்படி. பாதம் முழுவதையும் வைக்கலாம். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் ஒன்றே போதும். முதியவர்களுக்கு இதுவே நல்லது. மேற்பரப்பில் சேறு தங்கும் என்பது குறை.

இரண்டாவது, குழாய்ப்படி. வட்டக்குழாயின்மேல் கதவுக்கு நேரே சிறு மிதிதகடுகள் இருக்கும். சேறு தங்காது, பார்வைக்கும் அழகு. ஆனால் தகட்டுக்கு வெளியே கால்பட்டால் ஈரச்செருப்பு வழுக்கும். பளபளப்பான வட்டக்குழாய் மட்டுமே உள்ளதை முதியவர் ஏறும் வண்டிக்கு வாங்க வேண்டாம்.

மூன்றாவது, கதவுக்குக் கீழே தனியாகத் தொங்கும் படி. மிக உயரமான வண்டிக்கு உதவும். கரடுமுரடான பாதையில் முதலில் அடிபடுவதும் இதுவே. கதவு திறந்தவுடன் மின்மோட்டாரால் தானே இறங்கும் படிகளும் உண்டு. சேற்றிலும் உப்பிலும் அவை பழுதடைந்தால் திருத்துவது கடினம். நமக்கு உகந்தவையல்ல.

எவ்வகையானாலும் மேற்பரப்பு சொரசொரப்பாயிருக்கட்டும். மேடுகள் எழும்பிய இரும்புத்தகடு நல்லது. படிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே கால் நழுவிச் சிக்கும் அளவுக்கு இடைவெளி வேண்டாம். குழாயின் நுனிகளை மூடி, கூர்விளிம்புகளை அராவிவிடுங்கள். சேலையோ சாரமோ கொளுவினால் ஏறுபவர் விழுந்துவிடுவார்.

உப்பும் கறளும்

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என நீளும் கடற்கரையில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இரும்பு இங்கே விரைவாகக் கறள் பிடிக்கும். கறுப்புப் பூச்சுப் பூசிய சாதாரண இரும்புப்படி கடையில் அழகாயிருக்கும். ஒரு கல் பட்டுப் பூச்சு பெயர்ந்தால், அந்த இடத்திலிருந்து பூச்சின் அடியிலே கறள் பரவும்.

கல்வனைஸ் குழாய் நாகம் பூசியது, கூடியகாலம் நிற்கும். ஆனால் வெல்டிங் செய்யும் இடத்தில் அந்த நாகம் எரிந்து போய்விடும். ஒட்டிய இடங்களை நன்றாகத் துப்புரவாக்கி நாகம் கலந்த பூச்சு பூசும்படி கேளுங்கள். எரியும் நாகத்தின் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் உண்டாக்கும். அந்த வேலையைக் காற்றோட்டமான வெளியிலே செய்யட்டும். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

அலுமினியம் பாரம் குறைந்தது, இரும்பைப்போல் கறள் பிடிக்காது. ஆனால் உப்பீரத்தில் இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட இடத்தில் அலுமினியம் அரிபடும். இடையே றப்பர் அல்லது நைலோன் வளையம் வைக்க வேண்டும்.

குழாய்ப்படியின் அடியில் சிறு வடிதுளை இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே புகுந்த நீர் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். கிழமைக்கு ஒருமுறை படியின் அடிப்பக்கத்தையும் நன்னீரால் கழுவுங்கள். உவர்க்கிணற்று நீரால் கழுவுவது உப்பைச் சேர்ப்பதாகும்.

பொருத்தும் முறை

60 கிலோ நிறையுள்ள ஒருவர் 50 கிலோ உரமூட்டையுடன் ஏறினால் படியில் 110 கிலோ விழுகிறது. அதுவும் ஒரே பாதத்தில், ஒரே இடத்தில். ஆகவே படியை உடல்தகட்டில் திருகக்கூடாது. சசி எனப்படும் அடிச்சட்டத்திலேயே தாங்கிகளைப் பொருத்த வேண்டும். இரட்டைக்கதவு வண்டிக்குப் பக்கத்துக்கு மூன்று தாங்கிகளாவது தேவை. அடிச்சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துவது நல்லது. புதிய துளையும் வெல்டிங்கும் சட்டத்தைப் பலவீனப்படுத்தலாம். வெல்டிங் தவிர்க்க முடியாவிட்டால் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். எரிபொருள் தாங்கி, பிறேக் குழாய் இவற்றின் அருகே தீப்பொறி படக்கூடாது.

ஜக் வைக்கும் இடத்தைப் படி மறைக்கிறதா என்று பாருங்கள். வயல்வெளியில் ரயர் காற்றுப்போன பிறகு இதைக் கண்டுபிடிப்பதால் பயனில்லை. படி, சில்லின் மேலுள்ள மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. ஒடுங்கிய வீதியில் சைக்கிளில் வருபவரின் காலில் அடிக்கும்.

பழைய படி வாங்குவதானால் வண்டியின் மொடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். பூச்சை நம்பாமல் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தமோ உதிரும் தூளோ கண்டால் விட்டுவிடுங்கள்.

கைபிடியை மறக்க வேண்டாம்

கதவின் உட்பக்கத் தூணில் உறுதியான கைபிடி ஒன்று படியின் பாதி வேலையைச் செய்யும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் வண்டியைப் பற்றியிருக்க வேண்டும். இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடியே இறங்கப் பழகுங்கள்.

படி ஏறுவதற்கு மட்டுமே. இடமில்லை என்று அதில் நின்று பயணம் செய்ய யாரையும், குறிப்பாகப் பிள்ளைகளை, விடாதீர்கள். ஒரு குழியில் சில்லு விழுந்தால் கை விடுபடும். விழுபவர் பின்சில்லின் முன்னேதான் விழுவார்.

பணம் இல்லாவிட்டால்

பனை அல்லது வேறு உறுதியான மரத்தால் 20 சென்ரிமீற்றர் உயரப் பெட்டிப்படி ஒன்று செய்யுங்கள். அடிப்பாகம் அகலமாயிருக்கட்டும். மேலே பழைய ரயர்த்துண்டு ஒன்றை ஆணியடித்து, தூக்குவதற்குக் கயிறு கட்டி வண்டியிலேயே வையுங்கள். மட்டமான தரையில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறலாம்.

நல்ல சமாரியன் காயப்பட்டவரைத் தானே தன் வாகனத்தில் ஏற்றினான் என்று நற்செய்தியில் அறிகிறோம். கிளினிக் நாளில் ஓர் ஆச்சி "எனக்கு ஏற ஏலாது, நான் வீட்டில் நிற்கிறேன்" என்று பின்வாங்கினால், அந்த வண்டி அவருக்கு இல்லாதது போலத்தான். ஐப்பசியில் மழை தொடங்கிப் பாதைகள் சேறாகுமுன், உங்கள் வண்டியின் படியை ஒருமுறை அளந்து பாருங்கள்.